லார்ச் கன்றுகளுக்குப் பால் தெளிக்கக் கூடாது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரமாகத்தான் பிறந்தது. எங்கள் ஊர் வன அலுவலர் பூர்வே போன மார்ச் மாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். நான் முகர்ந்து திருப்பித் தந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"வாத்தியாரே, லார்ச் வளர்க்கறதுல என்னென்ன பிரச்சினை வரும், அதுக்கு என்ன வைத்தியம், இத ஒரு எட்டுப் பக்கம் எழுதிக் குடுங்க. நான் எழுதினா ஒருத்தனும் படிக்க மாட்டேங்கறான்."

"எனக்கு மரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதே பூர்வே."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவன் எழுதித்தான் யாருக்கும் புரியல. துங்காமாகிட்ட போங்க. அந்தம்மா சொல்லும், நீங்க எழுதுங்க."

போனேன். மார்ச் போய், ஏப்ரல் போய், இப்போது செப்டம்பர். அந்த எட்டுப் பக்கம் இன்னும் வரவில்லை, அதற்குப் பதிலாக வந்திருப்பது இதுதான். தெருவில் என்னைப் பார்த்தால் பூர்வே ஜீப்பை நிறுத்தி, "எங்க என் புத்தகம்?" என்கிறார். பிழை திருத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லி வருகிறேன்.

லார்ச்சை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் ஒரு பத்தி. ஊசியிலை மரந்தான். ஆனால் மற்ற ஊசியிலை மரங்களைப் போல வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற வீம்பெல்லாம் இதற்குக் கிடையாது. செப்டம்பரில் பொன்னாக மாறி, அக்டோபரில் அத்தனை ஊசியையும் உதிர்த்துவிட்டு, மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் மொட்டையாக நிற்கும். மே மாதம் எதுவுமே நடக்காத மாதிரி துளிர்க்கும். இருபத்திரண்டு வருஷமாக இதே பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, மூன்றையும் காட்டிவிடுகிறேன்.

(அ) லார்ச் விதை முளைக்காமல் போவதற்கு ஐந்து காரணங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது —

இதைத் துங்காமாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பாத்திக்குப் பக்கத்தில் குத்தவைத்து மணல் சலித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சா? எண்ணினது யாரு?" என்றாள். "எனக்கு முளைக்காமப் போனதுக்கெல்லாம் ஒரே காரணந்தான் வாத்தியாரே. அவசரம்."

(ஆ) ஷார் புலாக் ஊற்றுக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு எரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதை எரித்தவன் —

[இங்கேயே நிறுத்திவிட்டேன். அவனிடம் அனுமதி கேட்கவில்லை.]

(இ) துங்காமா எல்லாவற்றையும் கரண்டிக் கணக்கில்தான் அளப்பாள்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

(ஒரு சின்ன மன்னிப்பு: துங்காமாவை நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கணவன் ஜம்யானிடமும் மரியாதையாகத்தான் பேசுவேன். எழுதும்போது மட்டும் அவள், அவன் என்று வந்து விழுகிறது. இரண்டும் அவர்களுடைய நிஜப் பெயர்கள் இல்லை. "எழுதுங்க, ஆனா பேர மாத்துங்க" என்று அவள் சொன்னாள். ஊரில் ஒருவர் விடாமல் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.)

3

துங்காமா எல்லாவற்றையும் கரண்டிக் கணக்கில்தான் அளப்பாள். பள்ளி விடுதியில் பதினாறு வருஷம் சமையல்காரியாக இருந்தவள். தண்ணீர் இத்தனை கரண்டி, மரத்தூள் இத்தனை கரண்டி, விதை இத்தனை கரண்டி. மலை எரிந்த அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் விடுதி வேலையை விட்டாள். ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "மரம் வளக்கப் போறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரச்சினை: விதை முளைக்கவில்லை. தீர்வு: விதையைச் சாக்கில் கட்டி ஒன்றரை மாதம் பனிக்கடியில் புதைத்து வையுங்கள். மே மாதக் கடைசியில் எடுத்து, ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மேட்டுப்பாத்தியில் தூவுங்கள். மேலே ஒரு விரற்கடைகூட மண் வேண்டாம், மணலும் மரத்தூளும் கலந்து லேசாக மூடினால் போதும். விதை தான் குளிர்காலத்தைக் கடந்துவிட்டதாக நம்பினால்தான் கண் திறக்கும். பனி பார்க்காத விதையை நட்டுவிட்டு வானத்தைத் திட்டிப் பயனில்லை.

இது பிரசுரத்துக்குப் போதும். கதைக்குப் போதாது. கதைக்கு இதையும் சேர்க்க வேண்டும்: லார்ச் வருஷா வருஷம் நல்ல விதை கொடுக்காது. நாலு வருஷத்துக்கோ ஆறு வருஷத்துக்கோ ஒரு தடவைதான் காய்களுக்குள் விதை நிறைந்திருக்கும். மற்ற வருஷங்களில் உள்ளே பொக்கு. கடைசி நல்ல வருஷத்தில் ஜம்யான் ஐம்பது வயசுக்கு மேல் மரம் ஏறிப் பறித்துக் கொண்டுவந்த விதை மூன்று விதைப்புக்குத்தான் வந்தது. முதல் விதைப்பு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. இந்த வருஷம் துங்காமா மண்ணில் போட்டது சாக்கின் அடியிலிருந்த கடைசிக் கரண்டிகளை. இதுவும் போனால் அடுத்த விதை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் ஊற்றுக்கு மேலே இருக்கிற அந்தக் கரிச்சரிவில் மண் பிடிப்பு விட்டுவிடும். ஊற்று ஏற்கெனவே முன்னைப்போல் இல்லை.

4

ஜம்யான் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இவன் பேசவே மாட்டேன் என்கிறான். கதைக்குள் இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துங்காமா பத்து வாக்கியம் பேசினால் இவன் தேநீர்க் கிண்ணத்தை நீட்டுவான். அவள் ஊற்றுவாள். அத்தோடு அந்தக் காட்சி முடிந்துவிடும். முதல் வரைவில் இவனுக்கு நிறைய வசனம் எழுதிக் கொடுத்தேன். துங்காமா கேட்டுவிட்டு, "யாரு இது? பக்கத்துக் கூடாரத்து ஆளா?" என்றாள்.

அதனால் வசனத்துக்குப் பதில் ஒரு பொருளைக் காட்டுகிறேன். அவர்கள் குடியிருக்கும் கம்பளிக் கூடாரத்தின் இடப்பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. ஒன்பது வருஷமாக நிற்கிறது. டயரில் காற்று இல்லை. தார்ப்பாய் மட்டும் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன், ஏப்ரலில், மான்கள் உதிர்த்த கொம்பு பொறுக்க ஜம்யான் அந்த மோட்டார் சைக்கிளில் சரிவுக்குப் போனான். புகைக்குழாய்க்குத் தீப்பொறி தடுக்கும் வலை போட்டிருக்கவில்லை. புல் காய்ந்து கிடந்தது, காற்றும் இருந்தது. மூன்று நாள் எரிந்தது. விசாரணைத் தாளில் காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள். ஊருக்கே தெரியும், ஊரே வாயைத் திறக்கவில்லை. அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, துங்காமா கேட்டதுமில்லை. அதன்பிறகு அவன் அந்தச் சரிவுப் பக்கம் கால் வைக்கவே இல்லை. அந்தப் பக்கம் குதிரை தொலைந்தால்கூட வேறு ஆளை அனுப்புவான்.

[அனுமதி வாங்கினேன். போன வாரம் இந்தப் பகுதியை ஜம்யானிடமே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டான். "வல இல்லங்கறது சரி" என்றான்.]

5

பூர்வேயின் ஜீப் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் பிரசுரம் எழுதிவிடுகிறேன்.

பிரச்சினை: ஒரு வயசு நாற்று வசந்தத்தில் வேரோடு மண்ணுக்கு மேலே கிடக்கிறது. யாரும் பிடுங்கவில்லை. இரவில் உறைந்து பகலில் இளகும் ஈரமண் கொஞ்சங்கொஞ்சமாகத் தூக்கி வெளியே போட்டுவிட்டது. தீர்வு: ஆகஸ்ட் கடைசியோடு தண்ணீரை நிறுத்துங்கள். முதல் உறைபனிக்கு முன்னால் மரத்தூளோ உதிர்ந்த ஊசியோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். (துங்காமாவின் முதல் விதைப்பு இப்படித்தான் போனது. "பாசத்துல தண்ணி ஊத்திட்டேன்" என்றாள்.)

பிரச்சினை: ஜூன் பனியில் புது ஊசிகள் கறுத்துவிட்டன. தீர்வு: பிடுங்காதீர்கள். மூன்று வாரம் பொறுத்திருங்கள். லார்ச் மறுபடி துளிர்க்கும். கம்பளிப்பூச்சி மொட்டையடித்தாலும் அப்படியே. ஒரு வருஷத்தில் இரண்டு முறை உடுத்திக்கொள்ளும் மரம் இது. அதன் பொறுமைக்கு முன்னால் எனக்குச் சில நாள் வெட்கமாக இருக்கும்.

பிரச்சினை: நாற்று சோர்ந்து, சோகையாக நெட்டையாக வளர்கிறது. தீர்வு: நிழலை எடுங்கள். சின்னஞ்சிறிசு, வெயில் தாங்காது என்று பரிதாபப்பட்டு வலை போட்டு மூடாதீர்கள். முளைத்த மூன்று வாரத்துக்கு மேல் அதற்கு வேண்டியது வெளிச்சந்தான்.

பிரச்சினை: ஆடு. தீர்வு: வேலி.*

* இரண்டாவது விதைப்பு. மேற்கொண்டு கேட்டால் அவளுக்குக் கோபம் வருகிறது.

6

இந்த வருஷம் துங்காமா பாத்தியை இடம் மாற்றினாள். முன்பு கூடாரத்துக்குப் பின்புறம், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இருந்தது. இப்போது முன்புறம், தெற்கே மலையைப் பார்த்த மாதிரி. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு நல்ல காரணம் இருந்தது. வேலிக்குத் தெற்கே ஒரு துண்டு நிலத்தில் மட்டும் புல் எப்போதும் மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாக, அடர்த்தியாக வளர்ந்து வந்தது. மண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினாள். புல்லைச் செதுக்கி, எட்டு மேட்டுப்பாத்தி கட்டி, மணல் கலந்து விதைத்தாள்.

ஜூன் நடுவில் முளைத்தது. நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நூல் மாதிரி தண்டு, அதன் உச்சியில் விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு நாலைந்து பச்சை மயிர். அதில் மரம் இருக்கிறது என்று நம்புவதற்கு ஒரு தனி மனசு வேண்டும். அந்த மனசு துங்காமாவுக்கு இருக்கிறது.

ஜூன் கடைசியில் விழ ஆரம்பித்தன.

பிரச்சினை: நாற்றழுகல். காலையில் நின்றது மாலையில் படுத்துவிடும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நகத்தால் கிள்ளியது போல் சுருங்கியிருக்கும். ஒன்று விழுந்தால் பக்கத்தில் பத்து விழும், வட்டம் வட்டமாக. மண்ணிலுள்ள பூஞ்சணம் செய்கிற வேலை. ஈரம், நெருக்கம், கொழுப்பான மண், மூன்றும் அதற்குத் தீனி. தீர்வு —

தீர்வுகளை எல்லாம் துங்காமா செய்தாள். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாள். காலையில் மட்டும் ஊற்றினாள். நெருக்கத்தைக் கலைத்தாள். நிழல்வலையைச் சுருட்டி எறிந்தாள். விழுந்த இடத்து மண்ணை அள்ளித் தூரத்தில் கொட்டிவிட்டுச் சுட்ட மணலை நிரப்பினாள். பூர்வே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டுவந்து கொடுத்தார். அதை ரோஜா நிறத்தில் கரைத்து ஊற்றியதில் அவள் விரலெல்லாம் பழுப்பாகிவிட்டது.

"நாலு நாள் நிக்குது வாத்தியாரே. அஞ்சாம் நாள் அதே எடத்துல மறுபடி விழுது" என்றாள். குரலில் அழுகை இல்லை.

"வேற மண்ணு போட்டும் அதே எடத்துலயா?"

"அதே எடத்துல. யாரோ சாபம் வுட்ட மாதிரி."

விழுந்த இடங்களில் எல்லாம் தினமும் ஒரு குச்சி நட்டு வைத்தாள். ஜூலை நடுவில் குதிரைப் பந்தயத்தோடு நடக்கும் நாதம் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்து, வேலிக்கம்பியை இறுக்க மாட்டுவண்டிமேல் ஏறினாள். அங்கிருந்து தற்செயலாகக் கீழே பார்த்தபோது குச்சிகள் வட்டம் வட்டமாக இல்லை. வில்லாக இருந்தன. எட்டுப் பாத்தியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே பெரிய வில். அந்த வில்லுக்கு நடுவே, வேலிக்கு இந்தப் புறம், ஒருவன் நிற்கும் அளவுக்குப் புல் தேய்ந்து மண் தெரிந்தது.

அவள் இறங்கிப் போய் அந்தத் தேய்ந்த இடத்தில் நின்றாள். கால்கள் தாமாகப் பொருந்தின. நேர் எதிரே, ஏழு கிலோமீட்டருக்கு அப்பால், கரிச்சரிவு. வலது கையை உயர்த்தி வீசிப் பார்த்தாள். வெறும் கைதான். குச்சிகள் நட்டிருந்த இடத்துக்கு மேலாக அந்தக் கை போயிற்று.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் ஓடைப்பக்கம் மாடு கறக்கப் போனவள், முதல் மாட்டை மட்டும் கறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஜம்யான் வேலியோரம் நின்றிருந்தான். தொப்பி அணிந்து, மேலங்கிக்கு இடுப்புத் துணி கட்டி, விசேஷத்துக்குக் கிளம்பியவன் மாதிரி. இடது கையில் முந்தின நாள் பால். வலது கையில் அவளுடைய ஒன்பது குழிக் கரண்டி. தேநீரின் முதல் பங்கை வானத்துக்கு வீசுவதற்காக அவள் கதவோரம் மாட்டி வைத்திருக்கும் அதே கரண்டி. எங்கள் ஊரில் மலைக்குப் படைக்கிற வழக்கப்படி, அவன் மலையைப் பார்த்துப் பாலை வீசினான். ஒன்பது முறை வீசினான். மலை ஏழு கிலோமீட்டர், கைவீச்சு மூன்று மீட்டர். பால் பாத்தியில் விழுந்தது, பூஞ்சணத்துக்குத் தீனியாக.

பல காலைகளில் அந்தக் கரண்டி ஏன் தான் தொடுவதற்கு முன்பே நனைந்திருந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. இந்தத் துண்டு நிலத்தில் மட்டும் ஒன்பது வருஷமாகப் புல் ஏன் அப்படிச் செழித்தது என்றும் புரிந்தது.

அவள் சத்தம் காட்டாமல் மாடுகளிடமே திரும்பிப் போனாள்.

7

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். துங்காமாவும் மாட்டிக்கொண்டாள். அவள் மாட்டிக்கொண்டதுதான் பெரிது.

சொன்னால் என்ன ஆகும்? ஒன்பது வருஷமாக ஒரு மனிதன் யாருக்கும் தெரியாமல் மலையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த மன்னிப்புதான் கடைசி விதைகளைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அவனிடம் சொல்ல வேண்டும். மலையை எரித்தவன் இப்போது கன்றுகளையும் அழித்தான் என்று அவன் தன்னைப்பற்றி முடிவு கட்டிவிட்டால், அதற்குப் பெர்மாங்கனேட் கிடையாது. சொல்லாவிட்டால் இந்தக் கோடைக்குள் பாத்தி காலி.

ஆறு நாள் அவள் சொல்லவில்லை. ஆறு நாளும் மாலையில் குச்சி நட்டாள்.

இந்த ஆறு நாளைத் தாண்டுவதற்காக நான் வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அக்டோபரில் தெற்குப் பாலைவனத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார். மரமே பார்க்காதவர். மொட்டையாக நிற்கும் நாற்றுகளைப் பார்த்து எல்லாம் செத்துவிட்டன என்று எழுதிவிட்டுப் போகிறார். மே மாதம் எல்லாம் துளிர்க்கின்றன. சுபம். இதைப் படித்துக் காட்டியபோது துங்காமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லார்ச் ஊசி கொட்டும்னு ஒட்டகத்துக்குக்கூடத் தெரியும் வாத்தியாரே. பாவம், பாலைவனத்து ஆளுங்கள ஏன் வம்புக்கு இழுக்கறீங்க?"

இரண்டாவது முடிவு: ஜம்யான் மலையில் மண்டியிட்டு ஓவென்று அழுகிறான், மழை வரு —

[இதைப் படித்துக் காட்டவே இல்லை.]

மூன்றாவது முடிவு: துங்காமா கரண்டியை ஒளித்து வைக்கிறாள். இதை அவளே யோசித்தாளாம். "ஒரு நாள் ஒளிச்சேன். கிண்ணத்தாலயே ஊத்திட்டான். இன்னும் மோசம்."

8

ஏழாம் நாள் காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று தீர்மானிக்க எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் தருகிறேன்.

துங்காமா சொன்னபடி:

அவன் வேலியோரம் கரண்டியைத் தூக்கியபோது அவள் பின்னால் போய் நின்றாள்.

"நீ வீசறது அங்க போய்ச் சேரல, கெழவா. இங்கயே விழுது."

அவன் திரும்பினான். அவள் குச்சிகளைக் காட்டினாள். அவன் ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தான்.

"எத்தன?"

"எண்ணல."

"நீ எண்ணியிருப்ப."

"மூணுல ஒரு பங்கு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "நான் எதத் தொட்டாலும் அந்த மலைக்கு ஆவாது கெழவி. நான் கண்காணாம எங்கயாச்சும் போயிடறேன். நீ பாத்துக்க."

"ஆமா, போ. ஆனா நேரா அங்க போ. கேக்க வேண்டியத அந்த மலகிட்ட நேர்ல போய்க் கேளு. இதுங்க உன்ன என்ன பண்ணுச்சு? முளச்சு ஒன்றர மாசம் ஆவல, இதுங்க தலையில கொண்டாந்து கொட்டற."

"அங்க என்னால போவ முடியாது."

"உன்னால முடியாதது எனக்குத் தெரியாதா? அம்பது வயசுக்கு மேல மரத்து உச்சிக்கு ஏறினவன் நீ. கீழ நின்னு நான் பயந்த பயம் உனக்குத் தெரியுமா? போயிட்டு வா. தேத்தண்ணி போட்டு வைக்கறேன்."

ஜம்யான் சொன்னபடி (இதுதான் அவன் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு):

"அவ ஒண்ணும் பேசல. வந்தா. பாத்தியப் பாத்தா, என்னப் பாத்தா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. என் கையிலேந்து கரண்டிய வாங்கிக்கிட்டுப் போனா. குதிரைக்குச் சேணம் கட்டினா. பையில பால் புட்டியையும் கரண்டியையும் வச்சா. கடிவாளத்த என் கையில குடுத்தா. அவ்வளவுதான். பேசினேன்னு சொல்றாளா? எதாச்சும் சொல்லிக்குவா."

நான் துங்காமாவிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "பேசினேன் வாத்தியாரே" என்றாள். சல்லடையைத் தட்டிவிட்டு, "மனசுக்குள்ள பேசினத அவன் கேட்டிருக்கலாம், கேக்காமயும் இருந்திருக்கலாம், எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

இருவர் கதையும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அவன் குதிரையில் ஏறினான், தெற்கே போனான்.

9

இன்னொன்றையும் நான் இதுவரை சொல்லவில்லை. துங்காமாவும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் இந்த மாதந்தான் சொன்னாள்.

எரிந்த சரிவின் உச்சியில் ஒரு பள்ளம் இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே ஏழெட்டுக் கிழட்டு லார்ச்சுகள் தீயில் சாகவில்லை. பட்டை அவ்வளவு தடிமன், அடியில் கருகினாலும் உள்ளே உயிர் போகவில்லை. தீ புல்லையும் சருகையும் எரித்து மண்ணை வெறுமையாக்கியிருந்தது. லார்ச் விதைக்கு அதைவிட நல்ல பாத்தி கிடையாது. அந்தக் கிழட்டு மரங்கள் விதை உதிர்த்தன. யாரும் பனியில் புதைக்கவில்லை, மணல் மூடவில்லை, குச்சி நடவில்லை. நாலு வருஷத்துக்கு முன் துங்காமா ஊற்றின் மூலத்தைத் தேடி மேலே ஏறியபோது பார்த்தாள். முழங்கால் உயரத்தில் அவ்வளவு இளங்கன்றுகள். இப்போது இடுப்புக்கு வந்திருக்கும். விதை பறந்து விழுகிற தூரம் வரைக்கும்தான் இருக்கின்றன. ஊற்றுக்கு மேலான கீழ்ச்சரிவுக்கு அவை எட்டவில்லை. அதற்குத்தான் அவளுடைய பாத்தி.

"அண்ணன்கிட்ட ஏன் அக்கா சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? நீ எரிச்சது முளச்சிருக்குன்னா? எரிச்சத நாங்க பேசினதே இல்லயே. மொதல்ல அதப் பேசணும், அப்பறம் இதச் சொல்லணும். அதுவுமில்லாம, சொன்னா அவன் மனசு ஆறட்டும்னு சொல்றேம்பான். அது கண்ணால பாக்க வேண்டியது."

நாலு வருஷம் இப்படி ஒரு செய்தியை மடியில் கட்டிக்கொண்டு ஒருத்தி மணல் சலித்திருக்கிறாள். இவளைப் பார்த்து நான் சிரித்தேன் என்று மூன்றாம் பகுதியில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், இருக்கட்டும்.

ஜம்யான் அந்த ஏழாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தான். குதிரையை அவிழ்த்துவிட்டான். கூடாரத்துக்குள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். அவள் தேநீர் கொடுத்தாள். அவன் பூட்ஸில் கரி அப்பியிருந்தது. சரிவின் அடியிலும் கரிதான், உச்சியிலும் கரிதான், அதை வைத்து எவ்வளவு தூரம் ஏறினான் என்று சொல்ல முடியாது. அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் இருவர் கதையும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது.

"இனிமே பால் கொஞ்சம் கூட எடுத்து வை."

அன்றிலிருந்து பாத்தியில் ஒரு நாற்றும் விழவில்லை. மூன்றில் இரண்டு பங்கு நிற்கிறது, மரத்தூள் போர்த்தி. அவற்றை மலைக்குக் கொண்டுபோக இன்னும் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் இருக்கின்றன. வாரம் ஒரு முறை ஜம்யான் புட்டியும் கரண்டியுமாகத் தெற்கே போகிறான். போகும்போது புட்டி கனமாக இருக்கிறது.

நேற்று பூர்வே ஜீப்பை நிறுத்தினார். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டேன். வண்டியில் உட்கார்ந்தபடியே படித்தார். நெடுநேரம் ஆயிற்று. பிறகு, "எல்லாம் சரி வாத்தியாரே, மேல அந்தப் பள்ளத்துக்குப் போனானா இல்லயா? அத எழுதலயே" என்றார்.

"தெரியாது."

"கேளுங்களேன்."

கேட்கப் போவதில்லை. பூர்வேக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், அதைப் பிரசுரத்தில் கடைசிப் பிரச்சினையாகப் போட்டுக்கொள்வார்: லார்ச் கன்றுகளுக்குப் பால் தெளிக்கக் கூடாது, மலைக்கு உள்ளதை மலையில் போய்த் தெளிக்கவும். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் அதற்குமேல் இல்லை. ஊற்றிலிருந்து பள்ளத்துக்கு வழி நேரானது, செங்குத்து. ஒன்பது வருஷம் கழித்து வந்த ஒருவன் ஊற்றடியிலேயே நின்றுவிட்டிருக்கலாம், மேலே ஏறியுமிருக்கலாம். குதிரையில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். பால் ஒரு புட்டி முழுக்க இருக்கிறது. எங்கே நின்று வீசுவது என்பது உங்கள் பாடு.